கொழும்பிலிருந்து டிரவுட் பிடிக்க மலையேறுவோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பைச் சுற்றி எங்காவது டிரவுட் கிடைக்குமா?

கிடைக்காது. டிரவுட் குளிர்நீர் மீன். பொல்கொடையிலும் தியவன்னாவிலும் களனியின் கீழ்ப்பகுதியிலும் தண்ணீர் பெரும்பாலும் 27 பாகை செல்சியசை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அந்தச் சூட்டில் டிரவுட் நீண்ட நேரம் தாக்குப் பிடிக்காது. நுவரெலியாவைச் சுற்றிய உயர்ந்த மலைகளில் ஓடும் ஓடைகளும் சில நீர்த்தேக்கங்களும்தான் நம் நாட்டில் அதற்கு ஏற்ற இடம். அங்கும் அது சொந்த மீன் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் தங்கள் விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்டது. பிரவுண் டிரவுட் நிலைக்கவில்லை, ரெயின்போ டிரவுட் நிலைத்துவிட்டது. இந்தப் பக்கத்தில் டிரவுட் என்று வருமிடமெல்லாம் ரெயின்போ டிரவுட்டையே குறிக்கும்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. இரவுக் குளிரில் தண்ணீர் நன்றாகக் குளிர்ந்திருக்கும், மழை குறைவு, ஓடை தெளிவாக ஓடும். ஆனால் தெளிந்த தண்ணீரில் மீன் உங்களைத் தூரத்திலேயே கண்டுவிடும். மெல்லிய நூலும் பொறுமையும் வேண்டும்.

மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும், மறுபடி ஒக்டோபர், நவம்பரிலும் காலை வெளுத்திருக்கும், பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். அந்த மாதங்களில் விடிந்ததும் தொடங்கி மதியத்துக்குள் தடியை மடக்கிவிடுங்கள். இன்றைய தூண்டில் தடிகள் பெரும்பாலும் கார்பன் நாரால் செய்தவை, மின்சாரத்தைக் கடத்தும். இடிச்சத்தம் கேட்ட பிறகு திறந்த வெளியில் அதை நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அட்டன், மஸ்கெலியா பக்கம் போகிறவர்கள் அந்தக் காலத்தை விட்டுவிடுவதே மேல்.

தண்ணீரின் வெப்பநிலையை அளக்கத்தான் வேண்டுமா? மலையில் எப்போதும் குளிர்தானே?

அளக்கத்தான் வேண்டும். பையில் ஒரே ஒரு கருவிக்குத்தான் இடம் உண்டு என்றால் அது வெப்பமானியாக இருக்கட்டும். உங்களுக்குக் குளிர்கிறது என்பதால் மீனுக்கும் குளிர்கிறது என்று ஆகாது. மரநிழல் இல்லாத தேயிலைச் சரிவின் நடுவே ஓடும் ஓடை, மழையில்லாத நாளில், பிற்பகல் 2 மணிக்கு வேகமாகச் சூடேறிவிடும்.

ரெயின்போ டிரவுட் 10 முதல் 16 பாகை வரை சுறுசுறுப்பாக இரை எடுக்கும். 18ஐத் தாண்டினால் அதற்குச் சிரமம் தொடங்கும். 20க்கு மேல் போராடிக் களைத்த மீன் மீளாமல் போகலாம். 25ஐ நெருங்கினால் தூண்டில் இல்லாமலே சாகும்.

மற்ற நாட்டுக் கையேடுகள் பலவும் 20 பாகையில் நிறுத்தச் சொல்கின்றன. நம் மலைக்கு 18 பாகையே எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் உயரம். கடல் மட்டத்தில் 15 பாகைத் தண்ணீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் அதே தண்ணீரில் 8 மில்லிகிராம்தான் கரையும். 20 பாகைக்குப் போனால் 7ஐச் சற்றே தாண்டும். டிரவுட்டுக்கு நிம்மதியாக மூச்சுவிட 7ஆவது வேண்டும். தூண்டிலில் இழுபடும் மீனுக்கோ வழக்கத்தைவிடப் பல மடங்கு தேவை. கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

அளக்கும் முறை: மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் சாதாரண வெப்பமானி போதும். ஓடும் தண்ணீரில், நிழலில், ஒரு சாண் ஆழத்தில் 2 நிமிடம் பிடித்து, தண்ணீருக்குள் இருக்கும்போதே வாசியுங்கள். வெளியே எடுத்து வாசித்தால் காற்று அளவை மாற்றிவிடும். கரையோரம் தேங்கி வெயில் பட்ட தண்ணீரில் அளப்பதும் பிழை, அது ஓடையின் சூடு அல்ல. தொடங்கும்போது ஒரு தடவை, 11 மணிக்கு ஒரு தடவை, மதியத்துக்குப் பின்னும் நிற்பதென்றால் மணிக்கு ஒரு தடவை அளக்க வேண்டும்.

நேற்று மழை பெய்தது. இன்று போகலாமா?

ஓடையின் நிறத்தையும் மட்டத்தையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

காட்டுக்குள்ளிருந்து வரும் ஓடை மழைக்குப் பின் வெறுந்தேத்தண்ணி நிறத்தில், ஆனால் ஊடுருவிப் பார்க்கக்கூடிய தெளிவோடு ஓடும். அது இலைச்சாறு, மீனுக்குத் தீங்கில்லை. சொல்லப்போனால், இலேசாக மங்கிய இந்தத் தண்ணீர்தான் தூண்டிலுக்கு மிக நல்லது. மீனுக்கு உங்கள் நிழல் தெரியாது, மழை அடித்துவந்த பூச்சிகளைத் தேடி வெளியே வரும்.

மரக்கறித் தோட்டங்களைக் கடந்து வரும் ஓடையில் செம்மண் கலங்கி வந்தால் கதை வேறு. நுவரெலியாவின் உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ் பாத்திகள் செங்குத்தான சரிவுகளில் இருப்பவை. ஒரு மழைக்கே மண் கரைந்து ஓடைக்கு வரும், அதோடு உரமும் பூச்சிமருந்தும் வரும். அந்தத் தண்ணீரில் மீன் இரையைக் காணாது. பிடிபட்டாலும் அன்று அதைச் சமைக்க எடுக்காதீர்கள்.

முழங்கால் ஆழத்தில் நின்று குனிந்து பாருங்கள். உங்கள் காலணி தெரிந்தால் போடலாம். தெரியாவிட்டால் காலை எங்கே வைக்கிறோம் என்பதும் தெரியாது என்று அர்த்தம். கரையேறிவிடுங்கள்.

மட்டத்துக்கு, தொடங்கும்போது தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். அரை மணி நேரத்தில் குச்சியின் அடி மூழ்கினால் மேலே எங்கோ மழை பெய்கிறது. உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பதை நம்பக் கூடாது. சருகும் சுள்ளியும் திடீரென்று கூட்டமாக மிதந்து வருவது, தெளிந்த தண்ணீரில் கலங்கல் கோடு தோன்றுவது, அடியில் கல் உருளும் சத்தம் கேட்பது: இவற்றில் ஒன்று போதும், உடனே ஏறிவிட. எந்தக் கரையில் வாகனமோ பாதையோ இருக்கிறதோ அந்தக் கரைக்கு ஏறுங்கள். மறுகரையில் மாட்டினால் மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும்.

புறப்படும் முன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பையும் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். நீங்கள் போகும் பிரதேசத்துக்கு மஞ்சள் எச்சரிக்கை இருந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுவது சரி. அவசரத்துக்கு இடர் முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990.

ஹோர்ட்டன் சமவெளியில் தூண்டில் போடலாமா?

கூடாது. 1988 முதல் அது தேசிய பூங்கா, 2010 முதல் உலக மரபுரிமைப் பகுதியின் அங்கம். அங்கே டிரவுட் இருப்பது உண்மைதான், ஆனால் பார்வையாளர் எந்த உயிரையும் பிடிக்க முடியாது. அந்த ஓடைகளில் கறிடினா சிங்கலென்சிஸ் என்ற சிறு நன்னீர் இறால் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாதது, குளிர்ந்த சில கிலோமீற்றர் ஓடையே அதன் முழு உலகம். டிரவுட் அதை உண்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே டிரவுட்டை எங்கும் புதிதாக விடக் கூடாது என்று உறுதியாகச் சொல்கிறோம். மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளின் ஊற்றுப் பகுதியும் அந்தச் சமவெளிதான். அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டு கொழும்புக் குழாய்களில் வருவது களனித் தண்ணீர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பூங்காவுக்கு வெளியே யாரிடம் அனுமதி கேட்பது?

ஓடை தோட்டக் காணிக்குள் என்றால் தோட்ட நிர்வாகத்திடம். நீர்த்தேக்கம் என்றால் அதை நிர்வகிக்கும் நிறுவனத்திடம். கொழும்பிலிருந்தே தொலைபேசியில் பேசி, முடிந்தால் எழுத்தில் பெற்றுக்கொண்டு புறப்படுங்கள். வாயிலில் நின்று காவலாளியிடம் மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போவது அனுமதி ஆகாது. பிறகு பதில் சொல்ல வேண்டியவர் அந்தக் காவலாளியாகிவிடுவார்.

தோட்டத்து ஓடையில் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பீலியை. லயத்து மக்கள் குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் எடுக்கும் இடம் அது. மேலே ஓடையில் ஒரு சிறு தடுப்புக் கட்டி, குழாய் பொருத்தி இறக்கியிருப்பார்கள். நீங்கள் அந்தத் தடுப்புக்கு மேலே இறங்கிக் கலக்கினால் கீழே குடத்தில் சேறு விழும். எனவே முதல் வேலை, வழியில் காணும் ஒருவரிடம் கேட்பது: “அண்ணே, குடிதண்ணி எங்கேருந்து எடுக்கிறீங்க? நாங்க அதுக்குக் கீழேதான் நிப்போம்.” நமக்கு மொழி ஒன்று என்பது இங்கே பெரிய வசதி. எந்தச் சரிவில் மருந்து அடித்தார்கள், எந்தப் பாறை வழுக்கும், சிறுத்தை நடமாட்டம் உண்டா என்பதெல்லாம் அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும். பீலியில் பெண்கள் குளிக்கும் நேரத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள். கொழுந்து எடுக்கும் மலைக்குள் குறுக்கே நடக்கவும் வேண்டாம், பாதையால் சுற்றிப் போங்கள்.

என்ன தடி, எவ்வளவு நூல்?

ஓடைக்குப் பெரிய சாமான் தேவையில்லை. ஸ்பின்னிங் என்றால் 6 அடி நீளமுள்ள இலேசான தடி, சிறிய ரீல், 0.18 அல்லது 0.20 மில்லிமீற்றர் தங்கூசி, 2 முதல் 5 கிராம் வரையுள்ள ஸ்பின்னர் அல்லது ஸ்பூன் என்னும் உலோகச் செயற்கை இரை. கடற்கரையில் பாரைக்குப் போடும் தடியைக் கொண்டு போனால் இவ்வளவு இலேசான ஸ்பின்னரை எறியவே முடியாது.

செயற்கை ஈ கட்டிப் போடும் ஃப்ளை முறை என்றால் ஏழரை அடி, 4ஆம் எண் தடி. முன்நூல், அதாவது தடித்த நூலையும் ஈயையும் இணைக்கும் மெல்லிய நூல், 9 அடி, நுனி 5 எக்ஸ், அதாவது 0.15 மில்லிமீற்றர். ஈ கட்டிய முள் 12 முதல் 16ஆம் எண் வரை. இருபுறமும் பற்றை நெருங்கிய இடத்தில் முன்நூலை 7 அடியாகக் குறையுங்கள்.

மெல்லிய நூல்தான் திறமை என்று 0.10க்கு இறங்குகிறவர்கள் உண்டு. அது மீனுக்குச் செய்யும் கொடுமை. அறுந்துவிடுமென்று பயந்து மெதுவாக இழுக்க, மீன் களைத்துச் செத்துப்போகும் நிலைக்கு வரும். 25 சென்ரிமீற்றர் மீன் ஒரு நிமிடத்துக்குள் கைக்கு வர வேண்டும்.

ஈயக்குண்டு வேண்டாம். அறுந்து ஓடையில் கிடக்கும், நீர்ப்பறவை விழுங்கும். சுமை தேவைப்பட்டால் டங்ஸ்டன் மணி கட்டிய ஈயைப் பயன்படுத்துங்கள். அறுந்த தங்கூசி முழுவதையும் சுருட்டிப் பையில் போட்டுக் கொழும்புக்கே கொண்டுவாருங்கள்.

மீன் எந்த இடத்தில் நிற்கும்?

டிரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்துத் தலை வைத்து நிற்கும். எனவே கீழ்ப்புறமிருந்து மேல்நோக்கி நெருங்குங்கள், அதன் முதுகுப்புறம் நீங்கள் இருப்பீர்கள். நிற்கும் இடங்கள்: பெரிய கல்லுக்கு முன்னும் பின்னும் ஓட்டம் தணியும் இடம், சலசலவென்று ஓடும் தண்ணீர் மடுவில் இறங்கும் வாய், மடு ஆழம் குறைந்து முடியும் வால், கரை அரித்து வேர் தொங்கும் நிழல். மேற்பரப்பில் நுரை ஒரு கோடாகப் போவதைக் கண்டால் இரையும் அதே கோட்டில்தான் போகிறது, உங்கள் ஈயும் அந்தக் கோட்டில் இழுபடாமல் மிதந்து வர வேண்டும். குறுக்கோட்டம் நூலை வளைத்து ஈயை வேகமாக இழுத்தால் மீன் தொடாது. அதுதான் புதியவர்களுக்கு வெறுங்கையோடு திரும்ப நேர்வதன் முதற்காரணம்.

புழு போடலாமா? சிறு மீனை உயிரோடு கோக்கலாமா?

உயிர்மீனும் உயிர் இறாலும் கூடவே கூடாது. ஓர் ஓடையின் உயிரை இன்னொன்றுக்குக் கொண்டுபோனால் நோயும் அந்நிய இனமும் கூடப் போகும். மீன்தொட்டியிலிருந்து தப்பிய டேங்க் கிளீனரும் நைஃப் மீனும் நம் நீர்நிலைகளில் பெருகிக் கிடப்பது இப்படித்தான்.

மண்புழு சட்டென்று மீனைத் தரும், ஆனால் மீன் அதை ஆழமாக விழுங்கிவிடும். விடுவதாக இருந்தால் புழு வேண்டாம். செயற்கை ஈயும் ஒற்றை முள் ஸ்பின்னரும் பெரும்பாலும் உதட்டோரம்தான் குத்தும்.

எதிர்முள்ளை நசுக்கச் சொல்கிறார்களே, மீன் கழன்றுவிடாதா?

நூல் தளராமல் வைத்திருந்தால் கழலாது. முள்ளின் உட்பக்கம் பின்னோக்கி நிற்கும் அந்தச் சிறு கூரைச் சிறிய குறட்டால் அழுத்தித் தட்டையாக்குங்கள். பருத்தித் துணியில் குத்தி எடுத்துப் பாருங்கள், நூல் பிரியாமல் வந்தால் சரி. ஸ்பின்னரில் வரும் மூன்று முள் கொக்கியைக் கழற்றிவிட்டு ஒற்றை முள்ளை மாட்டுங்கள். உங்கள் விரலில் ஏறினாலும் வைத்தியசாலைக்கு ஓடாமல் எடுக்கலாம்.

பிடித்த மீனை விடும்போது எங்கே தவறு நேர்கிறது?

பெரும்பாலும் கையில். டிரவுட்டின் செதில் மிக நுண்ணியது, அதன் மேல் வழுவழுப்பான ஒரு படலம் உண்டு. நோயைத் தடுப்பது அந்தப் படலம். உலர்ந்த கையால் பிடித்தால் அது உரிந்து, சில நாளில் அந்த இடத்தில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். மீன் நீந்திப் போனதைப் பார்த்து நீங்கள் மகிழ்ந்திருப்பீர்கள், அது அடுத்த வாரம் செத்திருக்கும்.

கையை நனையுங்கள். முடிச்சில்லாத ரப்பர் வலை பொருத்திய அத்தாங்கில் ஏந்தி, மீன் தண்ணீருக்குள் இருக்கும்போதே முள்ளைக் கழற்றுங்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் எடுப்பவர் தயாரான பிறகே தூக்க வேண்டும், 10 விநாடிக்கு மேல் கூடாது. ஒரு கை வயிற்றின் கீழ், ஒரு கை வாலின் அடியில். செவுளுக்குள் விரல் விடக் கூடாது, வயிற்றை அழுத்தக் கூடாது, கரைப் புல்லில் போடக் கூடாது. பிறகு தலை நீரோட்டத்தை எதிர்த்து இருக்குமாறு மெதுவான ஓட்டத்தில் பிடித்திருங்கள். முன்னும் பின்னும் அசைக்காதீர்கள், பின்னோக்கி இழுக்கும்போது தண்ணீர் செவுளில் தவறான திசையில் புகும். அது தானாக வாலை உதறிப் போகும்வரை காத்திருங்கள்.

முள் தொண்டைக்குள் போயிருந்தால் பிடுங்காதீர்கள். வாயருகே நூலை வெட்டிவிடுங்கள். செவுளில் இரத்தம் கொட்டினால் விடுவதில் பயனில்லை, அது எடுக்க அனுமதித்த மீனுக்குள் ஒன்றாகட்டும்.

அந்நிய மீன் என்கிறீர்கள், பிறகு ஏன் விட வேண்டும்?

நியாயமான கேள்வி. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் ரெயின்போ டிரவுட்டும் இருக்கிறது. எனவே விடுவதைப் புண்ணியமாக நாங்கள் சொல்லவில்லை. உரிமையாளர் மீன் வளர்த்து விட்டிருக்கும் நீர்த்தேக்கத்தில் அவர் விதி எதுவோ அதுதான். தானாகப் பெருகிய ஓடையில், அனுமதித்த அளவுக்குள் இரண்டு மீனைச் சமைக்க எடுப்பதில் தவறே இல்லை. எடுப்பதென்றால் உடனே, கண்களுக்குச் சற்றுப் பின்னால் தலையில் ஓங்கி ஓர் அடி. விடுவதென்றால் மேலே சொன்ன முறை. பையில் துடிக்கவிட்டு மெதுவாகச் சாகவிடுவதைத்தான் ஏற்கவே முடியாது. ஓர் ஓடையிலிருந்து உயிரோடு எடுத்து இன்னோர் ஓடையிலோ விடுதிக் குளத்திலோ விடுவதும் அப்படியே.

வெளிநாட்டு உறவினர் தந்த நீர்க்காலணியைப் பயன்படுத்தலாமா?

சுத்தம் செய்த பிறகு. அடியில் கம்பளி போன்ற ஃபெல்ட் பதித்தவை மட்டும் வேண்டாம். அது ஈரத்தைப் பல நாள் வைத்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத பாசி அதற்குள் உயிரோடு பயணம் செய்யும். நியூசிலாந்து 2008இலேயே அவற்றைத் தடைசெய்துவிட்டது. ரப்பர் அடி உள்ளவற்றைச் சேறு போகத் தேய்த்து, சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்து, உட்புறமும் முழுதாகக் காய்ந்த பின் மேலும் 2 நாள் வெயிலில் வையுங்கள். பாட்டாச் செருப்போடு ஓடையில் இறங்காதீர்கள்.

அட்டை?

ஈரப் புல்லில் நிச்சயம் ஏறும். நீளக் காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, காலுறையில் சவர்க்காரம் பூசுங்கள். உப்பை ஓடையருகே கொட்ட வேண்டாம். காலில் வெட்டுக்காயம் இருந்தால் தண்ணீருக்குள் இறங்காதீர்கள். அதன்பின் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், ஓடையில் நின்றதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

மீனைக் கெடாமல் கொழும்புக்குக் கொண்டுவருவது எப்படி?

மலையிலிருந்து இறங்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும், அவிசாவளை தாண்டியதும் வெக்கை தொடங்கிவிடும். பிடித்த இடத்திலேயே குடலையும் செவுளையும் எடுத்து, முதுகெலும்பை ஒட்டிய கறுத்த இரத்தக் கோட்டை நகத்தால் சுரண்டுங்கள். முதலில் நாறத் தொடங்குவது அதுதான். குடலை ஓடையில் எறியாமல் பையில் கட்டிக் கொண்டுவாருங்கள். ரெஜிஃபோம் பெட்டியில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உடைத்த ஐஸ், அடியில் ஒரு படை, மேலே ஒரு படை. மீன் உருகிய தண்ணீரில் ஊறக் கூடாது, எனவே பெட்டியின் மூலையில் சிறு துளையிட்டு வடியவிடுங்கள். தோலை உரிக்க வேண்டாம், உப்பும் மிளகும் தேசிக்காயும் போதும், பட்டர் விட்டுப் பொரித்தால் செதிலும் தெரியாது.

பிள்ளைகளைக் கொழும்பிலேயே பழக்கலாமா?

எறிதலைப் பழக்கலாம், அதற்கு மீன் தேவையில்லை. புல்வெளியில் 10 மீற்றர் தூரத்தில் ஒரு பழைய ரயரை வைத்து, முள் இல்லாத ஈயை அதற்குள் விழுத்தச் சொல்லுங்கள். பத்தில் ஆறு உள்ளே விழுந்தால் ஓடைக்குக் கூட்டிப் போகலாம். பின்னால் யாரும் நிற்கவில்லை என்று ஒவ்வோர் எறிதலுக்கும் முன் திரும்பிப் பார்க்கவும் அப்போதே பழக்குங்கள், கண்ணாடியும் தொப்பியும் கட்டாயம். பேர வாவியில் பிடிக்கும் எதையும் வீட்டுக்குச் சமைக்கக் கொண்டுபோக வேண்டாம்.

ஓடையில் மீன்கள் செத்து மிதந்தால் என்ன செய்வது?

தொடாதீர்கள், அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம். முதலில் கீழேயுள்ள லயத்துக்குப் போய், பீலித் தண்ணீரைப் பாவிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. நேரம், இடம், தண்ணீரின் நிறம், வெப்பநிலை, செத்த மீன்களின் ஏறத்தாழ எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து, படம் எடுத்துக்கொள்ளுங்கள். இறாலும் நண்டும் பூச்சிகளும் சேர்ந்து செத்திருந்தால் பெரும்பாலும் பூச்சிமருந்து. மீன் மட்டும் மேற்பரப்பில் வாயைத் திறந்து தவித்தபடி இருந்தால் ஒட்சிசன் குறைவு. நஞ்சும் வெடியும் வைத்து மீன் பிடிப்பது 1996ஆம் ஆண்டின் கடற்றொழில், நீர்வள மூலங்கள் சட்டப்படி குற்றம். வெற்றுப் போத்தலோ சிதறிய வெடித்துண்டோ கண்டால் எடுக்காமல் பொலிசுக்கு, 119க்கு, அறிவியுங்கள். தோட்ட நிர்வாகத்துக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் நீங்கள் குறித்ததை அப்படியே அனுப்புங்கள்.